எதிர்ப்பக்கத் தாள்

ஜனவரி 12

என் அருமைத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுவது. நான் இங்கே நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. மகனும் மருமகளும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? உன் வலது மணிக்கட்டு எப்படி இருக்கிறது? குளிருக்கு இழுத்துப் பிடிக்கிறதா? போனில் கேட்டால் "நல்லாருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். தபாலில் ஒரு வார்த்தையை அனுப்ப யாருக்கும் மனசு வராது.

ஒரு சேதி. சிரிக்காதே. நான் பள்ளிக்கூடம் போகிறேன்.

எல்லாம் உனக்காகத்தான். உன்னை இந்த நாட்டுக்கு அழைத்து என்னோடு வைத்துக்கொள்ள அனுமதி அலுவலகத்தில் மகன் விசாரித்தான். புருஷன் இல்லாதவள் என்றால் அக்காவோடு வந்து இருக்கலாமாம். புருஷன் இருக்கிறவள் என்றால் முடியாதாம். மாப்பிள்ளையோ வெளியூருக்குக் கொத்து வேலைக்குப் போகிறேன் என்று சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போனவர். இத்தனை வருஷமாக ஒரு வரி இல்லை. காணாமல் போனவருக்குச் சான்றிதழ் யார் கொடுப்பார்கள்? "அவர் உயிரோடு இருக்க வழியில்லை என்று காரணம் காட்டி இங்கிலீஷில் மனு எழுதுங்கள். எங்களுக்கு நம்பிக்கை வந்தால் சரி" என்கிறார்கள். மகன் தானே எழுதுகிறேன் என்றான். நான் விடுவேனா? என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்களே தவிர, அந்த ஐந்து வகுப்பிலும் நான்தான் முதல். என் தங்கச்சிக்கு நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தவிர, வருஷக் கடைசியில் ஒரு பரீட்சை இருக்கிறது. அதில் தேறினால்தான் நானே இங்கே தொடர்ந்து இருக்க முடியும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மருந்துக்கடை மாடியில் வகுப்பு. படியேறும்போதே டிஞ்சர் வாசனை. ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர் ஒருவர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற பெண் ஒருத்தி, முடிவெட்டுகிறவர், இன்னும் சிலர். எல்லாரும் நம் மொழிக்காரர்கள். டீச்சர் சின்னப் பெண், ஆனால் கண்டிப்பு. ஒரு பக்கம் எடுத்து வாதாடுகிற கட்டுரை சொல்லித் தருகிறாள். 'மஸ்ட்' என்றால் கட்டாயம். 'ஷுட்' என்றால் செய்வது நல்லது. 'மே', 'மைட்' என்றால் இருந்தாலும் இருக்கலாம். இந்தக் குட்டி வார்த்தைகளை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் வாதத்தின் உயிரே இருக்கிறதாம்.

அங்கே ஒரு வழக்கம். பெயர் போடாமல் நம் வாதத்தை எழுதி, மடித்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும். அடுத்த வாரம் ஆளுக்கு ஒன்றை எடுத்துப் போய், மனசுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதற்கு மறுப்பு எழுதி அதே டின்னில் போட வேண்டும். எதிர்ப்பக்கத் தாள் என்று அதற்குப் பெயர். யாருக்கு யார் எழுதியது என்று தெரியாது. அதைப் படித்தால் நம் வாதத்தில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடுமாம்.

நான் உன் விஷயத்தைத்தான் போடப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அக்கா


பிப்ரவரி 3

அன்பு அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். நான் நலம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, வீம்புக்குப் படியேறாதே. என் மணிக்கட்டு நேராகவில்லை, ஆனால் வலிப்பதில்லை. அவர் போன பிறகு வலித்ததாக நினைவே இல்லை.

நீ பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்பதை நினைத்து ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தேன். அந்த டீச்சரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆனால் அக்கா, நான் எங்கேயும் வருவதாக இல்லை. அவர் வருவார். வருகிற நேரத்தில் கதவு பூட்டிக் கிடக்கக் கூடாது. நீ யாருக்கும் எதையும் எழுத வேண்டாம்.

பள்ளிச் சீருடைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. முட்டி தேயத் தேய மிதிக்கிறேன். மிஷினை இன்னும் பின்னறையிலேதான் போட்டிருக்கிறேன். வெளிச்சம் போதாது, இருந்தாலும் அங்கே உட்கார்ந்திருந்தால்தான் மனசு நிலைக்கிறது. மழைக்கு அந்த அறைத் தரையில் மறுபடியும் வெடிப்பு விட்டது. ஆள் கூப்பிடவில்லை. நானே சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டேன். அவருடைய பூச்சுக்கரண்டி என் கைக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது. பார்த்திருந்தால், குழம்பு கிண்டுகிறாயா என்று கேட்டிருப்பார்.

மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு, இருக்கிற இடத்தில் இருக்கும்
தங்கச்சி


பிப்ரவரி 20

பிடிவாதக்காரத் தங்கச்சிக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். ஒத்தடம் கொடுத்தேன், படியும் ஏறினேன். உனக்கு வலி இல்லை என்று படித்து நிம்மதி.

நீ வேண்டாம் என்றாய், நான் எழுதிவிட்டேன். உன்னைக் கேட்டுக்கொண்டா நான் எதையாவது செய்திருக்கிறேன்? 'என் தங்கை தனியாக இருக்கக் கூடாது. அவள் என்னிடம் வந்தே ஆக வேண்டும். அவள் கணவர் இறந்துதான் இருக்க வேண்டும். அவள் காத்திருப்பதை நிறுத்த வேண்டும்.' ஒரு பக்கம் முழுக்க. மருமகள் வாங்கிப் பார்த்தாள்.

"அத்தை, இது கட்டுரை இல்ல, கட்டளை."

"அப்ப கேட்டு நட" என்றேன்.

டீச்சரும் விடவில்லை. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுப் போட்டுத் தாளுக்கு அம்மை கண்ட மாதிரி ஆகிவிட்டது.

"அம்மா, ஹாரன் மேலயே கைய வெச்சுக்கிட்டு பஸ் ஓட்டற மாதிரி இருக்கு. எத்தனை மஸ்ட்! புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் இதைத்தான் செய்றீங்க. அழுத்திச் சொன்னா நம்பிடுவாங்கன்னு நெனப்பு. படிக்கிறவருக்குச் சந்தேகம்தான் வரும்."

"இதுல என்ன சந்தேகம்? ஆள் போயிட்டாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்ப எவ்வளவு தெரியுமோ அவ்வளவு மட்டும் சொல்லுங்க."

அவள் சொன்னதைக்கூட விடு. எதிர்ப்பக்கத் தாள் வந்ததே, அதுதான் வேடிக்கை. டீச்சர் வாசித்துப் பொருள் சொன்னாள்: 'அவர் உயிரோடு இருக்கலாம். வழி தவறியிருக்கலாம். குரல் எட்டாத ஓர் இடத்தில் இருக்கலாம். நீங்கள் அப்போது அங்கே இல்லை.' முதலிலிருந்து முடிவுவரை மே, மைட். மருந்துக்கு ஒரு மஸ்ட் கிடையாது. டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "அளந்து எழுதறவர் இந்த வகுப்புல இவர் ஒருத்தர்தான்" என்றாள். எனக்கு எரிச்சல். ஆனால் கையெழுத்து அழகு. செங்கல் வரிசை மாதிரி எல்லா எழுத்தும் ஒரே உயரம், நடுவில் ஒரே சந்து.

அடுத்த தாளில் அந்த ஆளை ஒரு கை பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தோற்காத
அக்கா


மார்ச் 6

அன்பு அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோர் நலத்தையும் விரும்புகிறேன்.

உன் வகுப்பில் ஒருவராவது என் பக்கம் இருக்கிறாரே! முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். அயலார்கூடக் காத்திருக்கலாம் என்கிறார், கூடப்பிறந்தவள் நீ வேண்டாம் என்கிறாய். நல்ல நியாயம்.

வீட்டில் எலி புகுந்திருக்கிறது. பகலில் மிஷினை நிறுத்தினால் தரையில் டொக், டொக் என்று சத்தம். பொறியில் ரொட்டித் துண்டு வைத்தேன். நாலு நாளாக அப்படியே காய்ந்து கிடக்கிறது. புத்தியுள்ள எலி.

வேலை நிறைய இருக்கிறது. மற்றவை பிறகு.

அன்புடன்
தங்கச்சி


மார்ச் 23

என் தங்கச்சிக்கு,

நலம்தானே? எலித் தொல்லை தீர்ந்ததா? மருமகளுக்கு இரண்டு நாள் சளி, இப்போது தேவலை.

இரண்டாவது வாதத்தில் பாதி மஸ்டை எடுத்துவிட்டேன். டீச்சர் தட்டிக்கொடுத்தாள். ஆனால் வந்த எதிர்ப்பக்கத் தாளைக் கேள்: 'அவர் பக்கத்திலேயே இருக்கலாம். அவள் தையல் மிஷினை மிதிப்பது அவருக்குக் கேட்கலாம். நூல் அறுந்து அவள் நிறுத்தும்போது, அவருக்குத் தெரியலாம்.'

நீ தைக்கிறாய் என்று நான் எந்தத் தாளிலும் எழுதவில்லை. தையல் மிஷினுக்கு இங்கிலீஷில் என்ன சொல்வார்கள் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"நீங்கதானே எனக்கு எதிர்ப்பக்கம் எழுதறது?"

"ஐயோ, நான் இல்லம்மா. எனக்கு வந்தது சிகரெட் பிடிக்கக் கூடாதுன்னு எழுதற தாள். பிடிக்கலாம்னு மறுத்து எழுதறதுக்குள்ள நாலு சிகரெட் தீந்துடுச்சு."

முடிவெட்டுகிறவரும் இல்லை என்றார். ஆஸ்பத்திரிப் பெண்ணும் இல்லை என்றாள். ஒவ்வொருவரும் தாம் எழுதியதைக் காட்டினார்கள். எதுவும் அந்தச் செங்கல் எழுத்து இல்லை. டீச்சர், "யாரோ கூச்சப்படறாங்க, விடுங்கம்மா" என்கிறாள். நானே வாய் தவறி வகுப்பில் உன் தொழிலைச் சொல்லியிருப்பேன். என் வாய் உனக்குத் தெரியாதா?

உன் எலியைப் படித்ததும் மாப்பிள்ளை ஞாபகம் வந்தது. நம் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன்னாலேயே கரண்டிப் பிடியால் சுவரையும் தரையையும் தட்டிப் பார்ப்பாரே, உள்ளே பொள்ளலாக இருக்கிறதா என்று. டொக், டொக். அப்பா பயந்துவிடுவார், வீட்டுக்குக் குறை சொல்கிறாரோ என்று.

வேலையோடு வேலையாகச் சாப்பிடு.

உன்
அக்கா


மே 2

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம். காய்ச்சல். இப்போது எழுந்து நடமாடுகிறேன். நீ சுகமா?

மிஷினை முன்னறைக்கு மாற்றிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். தெரு வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

இனிமேல் அந்த வகுப்பில் என்னைப் பற்றி எழுதாதே. யாரையும் எழுதவும் விடாதே. அவருக்கு எதுவும் கேட்காது. அவர் பக்கத்திலும் இல்லை, தூரத்திலும் இல்லை. அவர் இல்லை, அக்கா. இல்லாதவரைப் பற்றி உட்கார்ந்துகொண்டு அப்படி இருக்கலாம், இப்படி இருக்கலாம் என்று எழுதுவது என்ன படிப்பு?

தங்கச்சி


மே 21

என் உயிர்த் தங்கச்சிக்கு,

காய்ச்சல் விட்டதா? நன்றாகப் போர்த்திக்கொண்டு படு. சீருடை இல்லாமல் பிள்ளைகள் இரண்டு நாள் போனால் பள்ளிக்கூடம் இடிந்துவிடாது.

உன் கடிதத்தைப் படித்து எனக்கு ஒரே சந்தோஷம். வருவார், வருவார் என்று கதவைத் திறந்து வைத்திருந்தவள், கடைசியில் இல்லை என்று உன் வாயாலேயே சொல்லிவிட்டாய். ஒருவழியாக நாம் ஒரே பக்கம் வந்துவிட்டோம். அந்தச் சூட்டோடு மனுவை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். முழுக்க நானே எழுதியது, மகன் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. நாற்காலியில் இருந்தவர் படித்துவிட்டு, "வலுவான காரணம்" என்றார். காரணம் இதுதான்: தொழில் சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போன கொத்தனார். கையில் தொழில் இருக்கிறவன் எங்கேயும் பிழைத்துக்கொள்வான். பிழைத்திருந்தால் சேதி அனுப்பியிருப்பான். அனுப்பவில்லை. ஆகவே அவர் இல்லை. எப்படி?

உன் ஊர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பாராம். வழக்கமான விசாரணைதான். பயப்படாதே, உள்ளதைச் சொல்.

அன்று மாலை வகுப்புக்குப் போனேன். அதே காரணத்தைப் போன வாரம் டின்னிலும் போட்டிருந்தேன். எதிர்ப்பக்கத் தாள் காத்திருந்தது: 'அவர் சாமான்களை எடுக்காமல் போயிருக்கலாம். கரண்டி இல்லாமல் ஒரு கொத்தனார் வெகுதூரம் போயிருக்க முடியாது. அவர் போகாமலே இருந்திருக்கலாம்.'

என்ன அழும்பு பிடித்த ஆள் என்று பஸ்ஸில் சிரித்துக்கொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன்.

தரையை அவருடைய பூச்சுக்கரண்டியால் பூசினேன் என்று எழுதியிருக்கிறாய். பிடியில் சிவப்புக் கம்பி சுற்றியிருக்குமே, அதுவா? வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டாரே. அதையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார் என்று நீதான் அப்போது எல்லோரிடமும் சொன்னாய்.

வேறு கரண்டியாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் ஒரு வரி எழுது.

உன்
அக்கா


ஜூன் 18

அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி? மருமகள் சுகமா?

நீ அனுப்பிய ஆள் வந்தார். நல்ல மனிதர். முன்னறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "உங்க அக்கா இங்கிலீஷ் நல்லா எழுதறாங்க" என்றார். என் வீட்டுக்காரர் என்னென்ன எடுத்துக்கொண்டு போனார் என்று கேட்டார். நீ எழுதியதையே நானும் சொன்னேன்.

அப்புறம் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். பின்னறையில் மட்டும் நின்றார்.

"இந்த இடத்துல மட்டும் ஏன் சிமெண்டு வேற கலரா இருக்கு?"

"ஈரம் ஏறுது சார்."

"ஆளு நீளத்துக்கா ஈரம் ஏறும்?" என்று சிரித்தார். ஷூவால் இரண்டு தடவை தட்டினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தட்டியது இரண்டு. எனக்குக் கேட்டது அதைவிட அதிகம். அவருக்கும் கேட்டதோ என்னவோ, காலைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். மனு தள்ளுபடி ஆகாமல் இருந்தால், மழை விட்டதும் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனார்.

நான் ஏன் வரவில்லை என்று இனி நீ கேட்க மாட்டாய். நான் பூட்டிக்கொண்டு கிளம்பினால் நாளைக்கே யாராவது குடி வருவார்கள். வருகிறவர்கள் முதலில் அந்தத் தரையைத்தான் பெயர்த்துப் போடுவார்கள்.

என் கை ஒடிந்தபோது, படியில் விழுந்தேன் என்று எழுதினேன். எந்தப் படி என்று நீ கேட்கவில்லை. இந்த வீட்டில் படி கிடையாது, அக்கா. அப்போது படியைக் கேட்காதவள் இப்போது கரண்டியைக் கேட்காதே.

தங்கச்சி


ஜூன் 30

என் தங்கமே,

நான் நலம், எல்லோரும் நலம், நீ நலமாக இருப்பாய்.

அலுவலகத்துக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சும்மா கொடுக்கவில்லை. ஏன் வாபஸ் என்று காரணம் எழுதித் தர வேண்டுமாம். அங்கேயே மரப்பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு நானே எதிர்ப்பக்கத் தாள் எழுதினேன். 'என் தங்கையின் கணவர் உயிரோடு இருக்கலாம். அவர் திரும்பி வரலாம். வயதான காலத்தில் தங்கை பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் நான் அவசரப்பட்டிருக்கலாம். அவள் காத்திருக்கிறாள். மனைவி காத்திருக்கும்போது மற்றவர்கள் சும்மா இருப்பது நல்லது.' ஒரு மஸ்ட் இல்லை. தங்கச்சி, என் வாழ்க்கையில் நான் இவ்வளவு அடக்கமாக எதையும் எழுதியதில்லை.

நாற்காலிக்காரர் இரண்டு தடவை படித்தார். "போன மாசம் அவ்வளவு உறுதியா இருந்தீங்களே?"

"வயசாச்சு சார். மனசு ஒரு நாள் இருக்கிற மாதிரி இன்னொரு நாள் இருக்கிறதில்ல."

"அப்ப விசாரணையும் வேண்டாம்" என்று முத்திரையைக் குத்திக் கட்டோடு கட்டாகத் தூக்கிப் போட்டார். முத்திரை விழுந்த சத்தத்தில் எனக்கு உயிர் வந்தது. நகலை டீச்சரிடம் காட்டினேன். "இதுதாம்மா உங்க முதல் கட்டுரை. இதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம் அறிவிப்புப் பலகை" என்றாள். எதைக் காப்பாற்ற எழுதினேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இனி உன் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். நீயும் இங்கே வர முடியாது. அதனால் நான் வருகிறேன்.

மகன் கத்தினான். "பரீட்சை எழுதாம போனா அனுமதி போயிடும்மா. அப்புறம் நெனச்சாலும் இங்க திரும்பி வர முடியாது."

"தெரியும்டா, படிச்சேன்" என்றேன். மருமகள் என் துணிகளை மடித்து வைத்தாள். மடித்து முடித்துவிட்டு, "சித்திக்கு உடம்பு சரியில்லையா அத்தை?" என்று மட்டும் கேட்டாள். தனியாக இருக்கிறாள் என்றேன்.

நான் கேட்டதை நீ மறந்துவிடு. கடிதத்தை அடுப்பில் போடு. ஒன்று மட்டும்: ஓரிடத்தில் மட்டும் பூசினால் நிறம் காட்டிக்கொடுக்கும். அறை முழுக்க ஒரே பூச்சாகப் பூச வேண்டும். நான் வந்ததும் பூசலாம். குழைத்துத் தர எனக்குத் தெம்பு இருக்கிறது.

உன்
அக்கா


ஜூலை 14

அக்காவுக்கு,

நீ சுகமாக இரு. அங்கேயே இரு. வராதே.

விசாரணைக்கு வந்த அந்த ஆள் இனி வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். உன் கையெழுத்துக்குக் கோடி கும்பிடு. ஆனால் நீ வர வேண்டாம்.

மிஷினை முன்னறைக்குக் கொண்டுவந்தேன் இல்லையா? சத்தமும் கூடவே வந்துவிட்டது. முன்பெல்லாம் நான் மிதிப்பதை நிறுத்தினால்தான் கேட்கும். இப்போது மிதிக்கும்போதே கேட்கிறது, தாளம் போடுகிற மாதிரி. நேற்று பட்டன் வைக்கக் கொடுத்துவிட்டு நின்ற ஒரு அம்மா, "வீட்ல கொத்து வேலை நடக்குதா?" என்று கேட்டார். அதுவரைக்கும் அது என் காதில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

தனியாக இருந்தால் பழகிக்கொள்வேன். பழகியும்விட்டேன். அவருக்கு என் வீட்டார் வந்து தங்கினால் பிடிக்காது. ஒவ்வொரு தடவை நீ வந்துவிட்டுப் போன பிறகும் என்ன நடக்கும் என்று உனக்கு எழுதியதில்லை. இப்போதும் எழுதவில்லை. வராதே.

தங்கச்சி


ஜூலை 27

என் தங்கச்சிக்கு,

நலம். நாளை மறுநாள் கிளம்புகிறேன். இந்தக் கடிதம் எனக்கு ஒரு நாள் முன்னால் வந்தாலும் வரும், என் கூடவே வாசலில் நின்றாலும் நிற்கும்.

எல்லோரிடமும் சொல்லிக்கொள்ள வகுப்புக்குப் போயிருந்தேன். ரொட்டிக்கடைக்காரர் ஒரு பெட்டி ரொட்டி கொடுத்தார், வழியில் சாப்பிடச் சொல்லி. இந்தத் தடவை நான் டின்னில் தாள் எதுவும் போடவில்லை. எனக்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று வர வழியே இல்லை. டீச்சர் எல்லோருக்கும் தாள்களைக் கொடுத்து முடித்தாள். அடியில் ஒன்று மீந்துவிட்டது.

"இது உங்களுக்குத்தாம்மா. அந்தக் கையெழுத்து."

மடிப்பைப் பிரித்தேன். பிரித்த இடத்திலிருந்து என் மடியில் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நறநறவென்று இருந்தது. தாளில் மூன்றே வார்த்தை. யூ மே கம். டீச்சர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"நீங்க வரலாம்னு எழுதியிருக்காங்க. யாரோ உங்களுக்கு அனுமதி கொடுக்கறாங்க! எங்கம்மா போறீங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு."

அவள் பேனாவை வாங்கி, அந்தத் தாளின் கீழேயே எழுதினேன். இங்கிலீஷில் இல்லை. ஐந்தாம் வகுப்பில் பரிசு வாங்கிய என் சொந்தக் கையெழுத்தில், நம் மொழியில்: 'எனக்கு அனுமதி கொடுக்க நீங்கள் யார்? அது என் தங்கச்சி வீடு.' மடித்து டின்னில் போட்டு, மூடியை அழுத்தி மூடிவிட்டு வந்தேன். படியில் இறங்கும்போது முழங்கால் முனகவில்லை.

உனக்கு அவரைப் பார்த்து முடித்து வைத்தது நான். மற்றவர்கள் தயங்கியபோது, பொறுப்பு என்னுடையது என்று சபையில் சொன்னதும் நான்தான். அந்தப் பொறுப்பை இன்னும் யாரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

மிஷின் முன்னறையிலேயே இருக்கட்டும். நீ அங்கேயே வெளிச்சத்தில் தை, அங்கேயே படு. எனக்குப் பின்னறையில் கட்டிலைப் போட்டு வை. சரியாக அந்த நிறம் மாறின இடத்தின் மேல் போடு. அவர் தட்டட்டும். எத்தனை தடவை தட்டினாலும் நானும் பதிலுக்குத் தட்டுகிறேன்.

வந்துகொண்டிருக்கும்
அக்கா